வில்பிரட் சாரைப் பற்றி நான்கு பாகம்

ஜனவரி 6, திங்கள்

காலையில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. மனைவி பகவதிக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இரண்டையும் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன்.

மதியக் கூட்டத்தில் செய்தி ஆசிரியர் சங்கரலிங்கம் ஒரு யோசனையோடு உட்கார்ந்திருந்தார். கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் வில்பிரட் சாருக்கு இது இருபத்தைந்தாவது வருடம். பல்கலைக்கழகக் கோப்பையின் இறுதிப்போட்டி பிப்ரவரி முதல் தேதி இங்கே நாகர்கோவிலிலேயே நடக்கிறது. அவருடைய அணி எப்படியும் இறுதிக்கு வந்துவிடும். அதற்கு முந்தைய நான்கு நாளும் அவரைப் பற்றி விரிவான தொடர் வரவேண்டும், தினம் அரைப் பக்கம்.

"தாணு, நீங்கதான் எழுதணும். உங்களுக்குத்தான் அவர இருபது வருஷமாத் தெரியும்."

விளையாட்டுக்கு இருந்த இரண்டு பக்கம் ஒன்றாகிவிட்டது. அதில் பாதி ஒரே மனிதருக்கு. எனக்கு உற்சாகம் வந்திருக்கவேண்டும். ஐம்பத்தொரு வயதில் அதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

பெனாசிர் கையைத் தூக்கினாள். விளையாட்டுப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். தேங்காய்ப்பட்டணத்துக்காரி, வேலைக்கு வந்து மூன்று வருடம் இருக்கும். "நாலு நாள் எழுதுகதுண்ணா எல்லாத்தையும் எழுதணும் சார். நல்லத மட்டும் எழுத ஒரு நாள் போதுமே."

"என்ன எல்லாத்தையும்?" என்றார் சங்கரலிங்கம்.

"விசாரிச்சிட்டுச் சொல்லுகேன்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னாள் என்று தோன்றியது.

ஜனவரி 7, செவ்வாய்

மோட்டார்க்காரர் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து எட்டுக் குடம் சுமந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

விடிந்ததும் கல்லூரி மைதானம். வில்பிரட் சார் எனக்கு முன்பே வந்து, சைக்கிள் கேரியரில் கட்டிய வாளியிலிருந்து அவித்த முட்டைகளை எடுத்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவித்துக் கொடுத்தது. பாதிப் பையன்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் முதல் பஸ்ஸில் ஏறி வருகிறவர்கள்.

விசில் ஊதமாட்டார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஒரு தட்டு. மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவன்கூடத் திரும்பிவிடுவான். எவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ஊர் சொல்லித்தான். "லே குளச்சல், பந்து ஒன்னத் தேடி வராது, நீ போ!" பையன்கள் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள்.

"நீரு எழுதினாப் போதும் ஓய்" என்றார். "வேற ஆளு எழுதினா எனக்குப் பேச்சு வராது." பிறகு, "அபிதா எப்படிப் படிக்கா?"

"நல்லாப் படிக்கா சார்."

போன ஜூனில் என் மகள் அபிதாவுக்கு அந்தக் கல்லூரியில் பி.காம் சேர இடமில்லை என்று சொன்னபோது அவர் முதல்வரிடம் ஒரு வார்த்தை சொன்னார். மனிதருக்கு மனிதர் செய்கிற உதவிதான். இந்தத் தொடருக்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை.

பயிற்சி ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனாக ஸ்டோர் ரூமுக்குள் போய் வந்தார்கள். உள்ளே செல்வன் இருப்பான், அணியின் மருத்துவ உதவியாள். தைலம் தேய்ப்பான். பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டி. வெயிலேற ஆரம்பித்ததால் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பகவதியின் தோளை எலும்பு டாக்டரிடம் காட்டினோம். தோள் இறுகிவிட்டதாம். பயிற்சி செய்தால் ஆறேழு மாதத்தில் சரியாகுமாம். துணியெல்லாம் நான்தான் காயப்போட்டேன்.

சாப்பிடும்போது அபிதா, "எங்க கிளாஸ் ஷிபின் தெரியும்லாப்பா? ரைட் விங்கு ஆடுவானே. கால பெஞ்சுக்கு மேல நீட்டி வச்சிட்டுதான் இருக்கான். சார்மாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள்.

"அடிபட்டிருக்கும்."

"மேட்ச் அன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டா வலி தெரியாதாம். அவனே சொன்னான்."

"விளையாடுற பசங்க ஆயிரம் சொல்லுவாங்க. மோரு எடு."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பகவதி ஒரு கையாலேயே பானையை இறக்கப் பார்த்தாள். நான் கத்திவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாகக் கத்தியிருக்க வேண்டாம்.

ஜனவரி 16, வியாழன்

டீக்கடையில் வைத்து பெனாசிர் சொல்லிவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வில்பிரட் சாரின் அணியில் நடுக்களத்தில் ஆடிய ரெக்சன் இப்போது மிக்கேல்துறையில் நொண்டிக்கொண்டு இருக்கிறானாம். முட்டியில் அடிபட்டவனை மரத்துப்போகிற ஊசி போட்டு அடுத்தடுத்து மூன்று ஆட்டம் இறக்கியிருக்கிறார்கள். ஷிபினுக்கு உடன்பிறந்த அண்ணன்.

"நாலுல ஒரு பாகம் அவனுக்கு சார்."

"இது இருபத்தஞ்சு வருஷத்துக்காகப் போடுற தொடர். கல்யாண வீட்டுல போயி..."

"கல்யாண வீடு அவரு வீட்ல நடக்கட்டும். நம்ம பத்திரிகையில எதுக்கு?"

"ஒருத்தன் சொன்னா அது நியூஸ் ஆயிருமா?"

"சரி, ஒருத்தனுக்கு மேல பேசுவோம். செல்வங்கிட்டப் பேசுவோம். வில்பிரட் சாருகிட்டயே கேப்போம். நீங்க கேக்கியளா, நான் கேக்கட்டா?"

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போடாமல் கொடுத்திருந்தான். சங்கரலிங்கத்திடம் விஷயம் போனது. இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று முடித்துவிட்டார்.

ஜனவரி 18, சனி

மிக்கேல்துறை. பெனாசிரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ரெக்சன் வீடு கோயிலுக்குப் பின்னால். முன்னறையில் போன் ரிப்பேர் செய்கிற மேசை போட்டிருக்கிறான். இருபத்துமூன்று வயது. எழுந்து வரவேற்றபோது வலது காலை முதலில் கையால் நேராக்கிவிட்டுத்தான் எழுந்தான். நான் அவனைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், "நடுக்களத்தின் நங்கூரம்" என்று. அதை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"கடலுக்குப் போறதில்லியா?" என்று கேட்டேன்.

"வள்ளத்துல நிக்கதுக்கு ரெண்டு முட்டும் வேணும் சார்."

பெனாசிர் கேட்கக் கேட்கச் சொன்னான். காலிறுதியில் முட்டி திரும்பியது. செல்வன் ஊசி போட்டான். அரையிறுதி ஆடினான். மறுபடி ஊசி. இறுதியும் ஆடினான், ஜெயித்தார்கள். பிறகு இன்னொரு போட்டி. அது முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவன் எழவில்லை. ஜவ்வு முழுசாகக் கிழிந்துபோயிருந்தது. ஆப்பரேஷன் நடந்தும் கால் சரியாகவில்லை.

"வில்பிரட் சாருக்குத் தெரியுமா?" பெனாசிர்.

"அவருக்குத் தெரியாம அங்க ஒரு முட்டைகூட அவியாது மேடம்." பிறகு அவசரமாக, "ஆனா அவரு கெட்ட ஆளு இல்ல. ஆஸ்பத்திரியில என் கூடத்தான் படுத்துக்கிடந்தாரு. ஊசி வேணும்ணு கேட்டதும் நாந்தான். யூனிவர்சிட்டி டீமுல எடுத்தா போலீஸ்ல எடம் உண்டு. யாரு கேக்காம இருப்பா? இத எழுதாதீங்க. ஷிபின் இப்ப அங்கதான் ஆடுகான். பேரு கெட்டா அவனயும் வெளிய தள்ளிருவாங்க. அவனுக்கு ஊசி கீசி ஒண்ணும் கெடையாது, எங்கிட்டச் சத்தியம் பண்ணிருக்கான்."

அபிதா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை. பெனாசிருக்கு அது தெரியாது.

வெளியே வரும்போது ரெக்சனின் அம்மா பெனாசிரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் அப்பிடித்தான் சொல்லுவான். நீ எழுது மக்ளே. நல்லா எழுது."

ஜனவரி 20, திங்கள்

கூட்டம். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் மட்டும்.

நான் என் பக்கத்தை ஒழுங்காகவே சொன்னேன். பாதிக்கப்பட்டவனே வேண்டாம் என்கிறான். இருபது பையன்களின் வேலை இதில் தொங்குகிறது. ஊசி போட்ட செல்வன் பேச மறுக்கிறான். ஒருவரின் இருபத்தைந்து வருடத்தை ஒரு முட்டியை வைத்து அளக்கக்கூடாது.

"ஒரு முட்டிண்ணு உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றாள் பெனாசிர். "நம்ம எண்ணியிருக்கமா? ஜெயிச்ச கோப்பையத்தான் எண்ணியிருக்கோம்."

"பேரில்லாமப் போடலாமா?" சங்கரலிங்கம்.

"பேரில்லாமப் போட்டா யாரும் நம்பமாட்டாங்க. பேரு போட்டா அவன் குடும்பம் ஊருல நிக்க முடியாது. ரெண்டும் வேண்டாம்" என்றேன்.

பெனாசிர் பேனாவை மூடி வைத்தாள். "தாணு சார், உங்க பொண்ணு அங்கதானே படிக்கா?"

சங்கரலிங்கம் திடீரென்று தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மார்க் இருந்தது, சேர்ந்தா" என்றேன்.

அது பொய் இல்லை. மார்க் இருந்தது. இடம்தான் இருக்கவில்லை.

"நான் சும்மாதான் கேட்டேன்" என்றாள் அவள். சும்மா கேட்கிறவர்கள் அதற்காகப் பேனாவை மூடிவைப்பதில்லை.

முடிவு: முதல் மூன்று பாகம் நான் எழுதுவது. நாலாவது பற்றிப் பிறகு பேசலாம். பிறகு என்பது சங்கரலிங்கத்துக்கு மிகப் பிடித்த சொல்.

ஜனவரி 22, புதன்

மூன்று பாகமும் எழுதி முடித்தேன். முட்டை வாளி, கைதட்டல், ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, காக்கி போட்ட பழைய மாணவர்கள். தடையே இல்லாமல் வந்தது. இவ்வளவு சுலபமாக வருவது எனக்கே சலிப்பாக இருந்தது.

மோட்டார் சரியாயிற்று.

ஜனவரி 25, சனி

அரையிறுதி. முதல் பாதியில் ஷிபின் தனியாகவே விழுந்தான், யாரும் தொடவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இடைவேளையில் ஸ்டோர் ரூம் கதவு சாத்தியே இருந்தது. வெளியே வந்தவன் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடினான். கடைசி நேரத்தில் அவன் கொடுத்த பந்தில்தான் வெற்றி.

கூட்டத்தில் அபிதா இருந்தாள். எல்லோரும் எழுந்து குதித்தபோது அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். என்னைத் தேடுகிறாள் என்று தெரிந்து நான் குனிந்து குறிப்பு எடுத்தேன்.

அலுவலகம் வந்து "காயத்தைப் பொருட்படுத்தாமல் மீண்டும் களமிறங்கிய ஷிபின்" என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பையன்களுக்கு இதே வரியை எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை. பக்கம் மூடும் நேரமாகிவிட்டது. அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம், அலுவலகம் விடுமுறை. வில்பிரட் சார் வீட்டுக்குப் போனேன். பெனாசிர் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடலாம் என்றுதான்.

பலாமரத்தடியில் உட்கார்ந்து பந்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றிவளைக்கவில்லை. "ஷிபினுக்கு ஊசி போட்டீங்களா சார்?"

அவர் கை நிற்கவில்லை. "போட்டது."

"ரெக்சனுக்கும் இப்படித்தான்..."

"தெரியும் ஓய். எனக்குத் தெரியாதுண்ணா நெனச்சீரு? அவன நெனைக்காம நான் ஒரு நாளும் தூங்கப் போறதில்ல." பந்தை அழுத்திப் பார்த்தார். "எங்கிட்ட வாறவன் எல்லாம் எங்க இருந்து வாறான்? கடல் விட்டா கல்லுடைப்பு. பைனலுக்கு யூனிவர்சிட்டி செலக்டர்மாரு வருவாங்க. ஷிபின் ஆடினா எடுப்பாங்க. எடுத்தா அவனுக்கு வேலை, அவன் வீட்டுக்குச் சோறு. ஆடலேண்ணா இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் அவன் காலேஜ்லயே இருக்கமாட்டான். நீரே சொல்லும், நான் என்ன செய்யட்டும்?"

"கால் போயிட்டா?"

"நாப்பது பேருக்கு ஊசி போட்டிருப்பேன். ஒருத்தனுக்குத்தான் போச்சு."

"அந்த ஒருத்தன் தம்பியில்லா இவன்?"

அவர் பந்தைக் கீழே வைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். கிளம்பும்போது, "எழுதணும்ணா எழுதும். நான் வந்து கேக்கமாட்டேன்" என்றார்.

அபிதாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

முதல் பாகம் வந்துவிட்டது. காலையிலிருந்து போன். துபாயிலிருந்துகூட ஒரு பழைய மாணவன் பேசினான், அழுதான். சங்கரலிங்கம் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார். பெனாசிர் தொடவில்லை.

ஜனவரி 29, புதன்

இரண்டாம் பாகம்.

அபிதா பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தாள். "நீங்க எழுதியிருக்கத வாசிச்சா அவரு சாமி மாதிரி இருக்காருப்பா."

"நல்ல மனுஷன்தானே?"

"நல்ல மனுஷந்தான். இன்னைக்கு ஷிபினால மாடிப்படி ஏற முடியல. பையங்க நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அவன் சிரிச்சிட்டே வாறான். பைனலு முடிஞ்சா சரியாயிருமாம்." பிறகு, "எனக்கு வேற காலேஜ்ல இடம் கெடச்சிருக்கும்லா? பஸ்ஸுதான் கொஞ்சம் தூரம்" என்றாள்.

நான் அவளிடம் என்றைக்கும் அந்தச் சிபாரிசைப் பற்றிச் சொன்னதில்லை. பகவதி அடுப்பங்கரையில் பாத்திரத்தை மெதுவாக வைத்தாள்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் பெனாசிரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அரையிறுதியில் நான் பார்த்தது, பலாமரத்தடியில் வில்பிரட் சார் சொன்னது, அபிதா சொன்னது. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. குறிப்பு எடுத்தாள்.

இரண்டு பேரும் சங்கரலிங்கத்திடம் போனோம். நாலாவது பாகம் நாளைக்கே வரட்டும், பெனாசிர் எழுதட்டும் என்றேன்.

"இறுதிப்போட்டிக்கு முந்தின நாளா? ஊரே சட்டையப் பிடிக்கும்யா. சனிக்கிழமை கழியட்டும்."

"சனிக்கிழமை கழிஞ்சா அந்தப் பையனுக்கு என்ன உபயோகம்?"

"நாம பத்திரிகை நடத்துறோம், தாணு. ஆஸ்பத்திரி நடத்தல."

நாளைக்கு நாலாவது பாகமாக அணியின் புகைப்படங்கள் மட்டும் வரும்.

மதியம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மிக்கேல்துறை போனேன். ரெக்சன் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தான். தம்பிக்கு ஊசி போடுகிறார்கள், அரையிறுதியில் நானே பார்த்தேன், நேற்று படி ஏற முடியவில்லை என்று சொன்னேன். அவன் கையிலிருந்த சின்ன ஸ்குரூவைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுவது மாதிரி மேசைக்கடியில் ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.

"எங்கிட்ட மாதாவுக்க படத்துல கை வச்சு சொன்னான் சார்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். வடசேரி பஸ் நிலையத்தில் நடத்துநர்தான் எழுப்பினார்.

பிப்ரவரி 1, சனி

எழுத முடியாத அளவுக்கு அலுப்பு. ஆனால் இன்று எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

கல்லூரி மைதானம் நிறைந்திருந்தது. செலக்டர்கள் பந்தலில் முன்வரிசையில். அணிகள் வார்ம்-அப் முடித்து உள்ளே போகிற நேரம். கிழக்கு வாசல் வழியாக ரெக்சன் வந்தான். ஓரமாகச் சுற்றி வரவில்லை. மைதானத்தின் நடுவே, வலது காலை இழுத்து இழுத்து, நேராக நடந்து வந்தான். காவலர் ஒருவர் தடுக்கப் போய், முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவரும் வில்பிரட் சாரின் பழைய மாணவர்தான். கூட்டத்தில் ஒருவன் "ரெக்சன்!" என்று கத்தினான். கொஞ்சம் கைதட்டல் எழுந்தது. அப்புறம் அவன் நடையைப் பார்த்து அதுவும் அடங்கிவிட்டது.

நான் ஸ்டோர் ரூம் பக்கத்தில்தான் நின்றேன். பெனாசிரும்.

வாசலில் ஷிபின், பாதி ஷூ மாட்டியபடி. "நீ எதுக்குல வந்தே?"

"ஊசி போட்டாச்சா?"

"ஒனக்கென்ன? போல வீட்டுக்கு!"

"போட்டாச்சாண்ணு கேட்டேன்."

ஷிபின் அண்ணனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். பெரிய தள்ளல் இல்லை. ரெக்சனால் தாங்க முடியவில்லை, மல்லாந்து விழுந்தான். எழுவதற்கு அவன் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கையைத் தரையில் ஊன்றி, காலை நேராக்கி, புரண்டு. யாரும் உதவிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பிறகுதான் தோன்றியது.

வில்பிரட் சார் உள்ளேயிருந்து வந்தார். குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"எப்படி இருக்கே மக்கா?"

"இருக்கேன் சார்." மூச்சு வாங்கியது. "இவன விட்டிருங்க சார். எங்க வீட்டுல ஒருத்தன் போதும்."

வில்பிரட் சார் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. செல்வன் ஐஸ் பெட்டியோடு கதவோரம் நின்றான். சார் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு ஷிபினிடம், "ஷூவக் கழத்து" என்றார்.

"சார்... சார், செலக்டர்மாரு வந்திருக்காங்க சார்."

"கழத்துல."

ஷிபின் அழுத அழுகையை இதில் எழுத வேண்டாம். அண்ணனைச் சொன்ன வார்த்தைகளையும் வேண்டாம். ரெக்சன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான்.

இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். வலது பக்கம் முழுக்கத் திறந்துகிடந்தது. வில்பிரட் சார் கடைசிவரை கை தட்டவேயில்லை. வெளியே போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார். ரெக்சனை வரவைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சங்கரலிங்கம் மதியமே வரச்சொல்லிவிட்டார்.

"தோத்துட்டாங்கள்ல. இனி யாரும் சண்டைக்கு வரமாட்டான். பெனாசிர், அந்த ஊசி விஷயத்தக் கொடு. நாளைக்கே போடுவோம், முழு அரைப் பக்கம்."

ஒரு மாதமாக இதற்காகச் சண்டை போட்டவள் "வேண்டாம் சார்" என்றாள். "வெள்ளிக்கிழம போட்டிருந்தா அது செய்தி. இப்ப போட்டா தோத்தவன எத்துகது. அதும் அந்த மனுசன் அந்தப் பையன உக்கார வச்ச மறுநாளு."

சங்கரலிங்கம் என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"போடணும்" என்றேன். "ஜூன்ல புதுப் பசங்க வருவாங்க. செல்வன் அங்கதான் நிப்பான். நேத்து ரெக்சன் வந்தான். அடுத்த வருஷம் யாரு வருவா?"

"நீங்களா சார் சொல்லுகியோ?" என்றாள் பெனாசிர்.

"நேத்து அவரு செஞ்சதையும் சேத்து எழுது. அவரு எங்கிட்டச் சொன்னதையும், நாப்பது பேருங்கறத, அவரு வார்த்தையிலயே. ரெக்சன் காலையில போன் பண்ணினான். பேரு போட்டே எழுதச் சொல்லிட்டான்."

அவள் பேனாவைத் திறந்தாள். "உங்க பொண்ணு சீட்டு?"

"அதையும் எழுது."

"அது எதுக்குய்யா?" சங்கரலிங்கம் சலித்துக்கொண்டார். "பத்திரிகை மானம் போகும்."

"முதல் மூணுக்குக் கீழயும் என் பேரு இருக்கு சார்."

சாயங்காலம் வரை அவள் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த மனிதர்தான் அதில் வந்தார். ஆனால் நான் எழுதியிருந்தால் வந்திருக்கமாட்டார். என்னைப் பற்றிய வரியை சங்கரலிங்கம் இரண்டு முறை அடித்தார், அவள் இரண்டு முறையும் திரும்ப வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அபிதாவிடம் நாளைக்கு என்ன வரும் என்று சொன்னேன். "சரிப்பா" என்றாள். உடனே தன் அறைக்குப் போகவில்லை. பகவதியின் கையைப் பிடித்துத் தோள் பயிற்சி செய்ய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று வந்தது. பழைய மாணவர்கள் கும்பலாக அலுவலக வாசலுக்கு வந்தார்கள். போன வாரம் அழுது பேசிய துபாய்க்காரன் இன்று பேசிய பேச்சை எழுத முடியாது. கல்லூரி விசாரணைக் குழு போட்டிருக்கிறது. வில்பிரட் சார் நீண்ட விடுப்பில். செல்வனின் போன் அணைத்திருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பெனாசிருக்குப் போன் செய்து, தனக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள், மழைக்காலத்தில் மாடி ஏற முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அபிதா இன்று கல்லூரிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

போனாள். பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். நாளைக்கும் போவேன் என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரெக்சன் தம்பியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தான். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. ஆறு மாதம் ஓய்வு, அப்புறம் ஆடலாமோ என்னவோ. ஷிபின் இன்னும் அண்ணனோடு பேசவில்லையாம். "ஸ்கேன் எடுக்க வந்தானே, அது போதும் சார்" என்றான் ரெக்சன்.

சாயங்காலம் வில்பிரட் சார் போன் செய்தார். எடுக்கவா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தேன்.

"தாணுவா? வாசிச்சேன்."

"சார்..."

"நீரு பேச வேண்டாம். எனக்கு உம்ம மேல கோவம் உண்டு. அது சாகுற வரைக்கும் இருக்கும்." அந்தப் பக்கம் அவர் மனைவி யாருடனோ பேசுவது கேட்டது. "ஆனா நாலும் வச்சு வாசிச்சேன். அந்தப் பிள்ள எழுதினதுதான் சரி. மத்த மூணுலயும் இருக்க ஆளு யாருண்ணு எனக்குத் தெரியல ஓய்."

உடனே வைத்துவிட்டார்.

பகவதி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சொன்னேன். பாயை விரித்தாயிற்று. இதை எழுதிவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுவேன்.